அடுப்படிக்கு அடுத்த அறை

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் தனுஜா ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தாள். வீட்டுப் பிளான் வரைந்து நகர சபையில் அனுமதி எடுத்துக் கொடுப்பது அவளுடைய தொழில். கண்டியில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி அதிக காலம் ஆகவில்லை. அவளிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கொழும்பில் பார்த்த ஒரு வீட்டின் படத்தைப் போனில் காட்டி, "இதே மாதிரி வேணும் மிஸ்" என்பார்கள். கண்ணாடி பால்கனி வைத்த வீட்டில் ஆடி மாதக் காற்றடிக்கும்போது குடியிருக்க முடியாது என்று அவளும் சொல்லிப் பார்ப்பாள். யாரும் கேட்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த மூன்று பேரும் போனை எடுக்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், அவளைவிடக் கொஞ்சம் மூத்த ஓர் ஆண், கையில் குடையோடு ஒரு கிழவர். கிழவர் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"டிக்கோயா ரோட்டுல அஞ்சு பேர்ச்சஸ் காணி வாங்கியிருக்கேன் மிஸ். சின்னக் காணி. சரிவு வேற" என்றார் அந்த ஆண். பெயர் ஜெயகாந்தன். பொல்பிட்டிய மின்நிலையத்தில் வேலை செய்கிறவர். "கடன் வாங்காம கட்டுற மாதிரி ஒரு வீடு வேணும். சூரிய வெளிச்சம் உள்ளுக்க வரணும். பகல்ல லைட் போடுற வீட்டுல எனக்கு இருக்க ஏலாது."

"கரன்ட் ஆபீஸ்ல வேல செய்றவங்களே இப்பிடிச் சொன்னா எப்பிடிங்க" என்றாள் தனுஜா.

"அங்க வேல செய்றதாலதான் சொல்றேன்."

அந்தப் பெண் சிரித்தாள். அவள் ஜீவராணி; பஜாரில் ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறாள். வீட்டிலேயே தைக்கிற மாதிரி ரோட்டுப் பக்கம் ஓர் இடமும், மழையில் நனையாமல் போகிற மாதிரி குளியலறையும் இருந்தால் போதும் என்றாள். சமையலுக்கு விறகடுப்புத்தான் வேண்டும், காஸ் சிலிண்டரை நம்பி இருக்க முடியாது என்பதையும் சொன்னாள்.

தனுஜா கதவுப் பக்கம் திரும்பினாள். "உங்க அப்பாவுக்கு என்ன வேணும்?"

"அப்பா இல்லீங்க, மாமா" என்றாள் ஜீவராணி. ஜெயகாந்தனின் அப்பா என்று தனுஜா எடுத்துக்கொண்டாள். அந்த எண்ணம் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஜீவராணியே விளக்கினாள். "என்னோட மொத வீட்டுக்காரரோட அப்பா. அவரு செத்து ஒம்போது வருசம் ஆச்சு. நானும் மாமாவும்தான் ஒண்ணா இருக்கோம். இவங்களும் நானும் வர்ற வைகாசியில ரெஜிஸ்டர் பண்ணப் போறோம்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் எந்த மாற்றமும் இல்லை. ஜெயகாந்தன்தான் மேசையிலிருந்த, கோடு போடும் அடிமட்டத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு என்ன வேணும் புள்ள" என்றார் கிழவர். "அவங்க சொல்றதப் போடு."

அவர் பெயர் சோலைமலை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் ஆயுள் முழுக்க வேலை செய்தவர். மகன் அழகுமுத்து லொறி விபத்தில் இறந்தபோது ஜீவராணிக்குப் பிள்ளை இல்லை. அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்புவாள் என்றுதான் தோட்டத்தில் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்கு வந்து வாடகை அறை பிடித்தாள். சோலைமலை ஒரு பையோடு பின்னாலேயே வந்துவிட்டார். இருவரும் அதைப் பற்றிப் பேசி முடிவெடுத்ததே இல்லை. இதெல்லாம் தனுஜாவுக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.

அடுத்த வாரம் அவள் காணியைப் பார்க்கப் போனாள். ரோட்டிலிருந்து மேலே ஏறும் சரிவு. மேற்கே திறந்த பள்ளத்தாக்கு. காற்று அங்கிருந்துதான் வரும். கிழக்குப் பக்கமாக ஒரு சந்து சரிவோடு சேர்ந்து மேலே ஏறியது. பக்கத்துக் காணிக்காரர் மலையை நேராக வெட்டிச் சமதரையாக்கி, அந்த வெட்டு இடிந்து விழாமலிருக்க வீட்டை விடப் பெரிய சுவர் ஒன்றைக் கட்டியிருந்தார். வீடு அரைகுறையில் நின்றது.

தனுஜா மலையை வெட்டப் போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள். வீடும் சரிவைப் போலவே இரண்டு படியாக ஏறட்டும். கீழ்ப் படியில் தையல் இடமும் கூடமும். இடுப்பளவு உயரத்தில் இருக்கும் மேல் படியில் அடுப்படி, குளியலறை, இரண்டு பக்கமும் இரண்டு அறைகள். அத்திவாரம் தோண்டும் மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்து, அச்சு மெஷினில் அழுத்திக் கல்லாக்கினால் செங்கல் வாங்க வேண்டியதில்லை. கூரையில் விழும் மழைத் தண்ணீர் ஒரு தாங்கியில் போய் நிரம்பும். மேற்கே சின்ன ஜன்னல்கள், கிழக்கே பெரியவை.

கிழக்குப் பக்க அறையைச் சோலைமலைக்கு வைத்தாள். அடுப்புக்கும் அந்த அறைக்கும் ஒரே சுவர். காலையில் மூட்டுகிற அடுப்பின் சூட்டைச் சுவர் மத்தியானம் வரைக்கும் வைத்திருக்கும். கிழவர் இருமுவதை அவள் கவனித்திருந்தாள்.

ஜெயகாந்தன் பிளானைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார். பிறகு அந்தச் சுவரின் மேல் விரலை வைத்து, "இதக் கொஞ்சம் மொத்தமா வைக்கலாமா மிஸ்? சூடு நிக்கும்" என்றார்.

அதற்கு அடுத்த புதன்கிழமை சோலைமலை தனியாக வந்தார். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. தனுஜா வெந்நீர் கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார்.

"அந்த அறைய எடுத்துரு புள்ள."

"எந்த அறைங்க?"

"எனக்குன்னு போட்டியே, அடுப்படிக்குப் பக்கத்துல. அத எடுத்துட்டா வீடும் சின்னதாயிரும், செலவும் கொறையும்."

"நீங்க எங்க இருப்பீங்க?"

"நானுஓயாவுல அண்ணன் மகன் கந்தப்பன் இருக்கான். தோட்டத்துல ஒத்த அறைக் காம்பரா ஒண்ணு இருக்கு. ஒரு மூலையில படுத்துக்கிட்டா போச்சு." கோப்பையை மேசையில் வைத்தார். "நல்ல பய அந்தத் தம்பி. எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா புதுசா குடும்பம் தொடங்குறவங்க வீட்டுல, செத்தவனோட அப்பன் ஒரு பக்கம் இருமிக்கிட்டுக் கெடந்தா எப்பிடி இருக்கும்? அந்தப் புள்ள சிரிக்கணும்னா கூட என்னப் பார்த்துட்டுத்தான் சிரிக்கும். எனக்குத் தெரியும்."

"இத நீங்க அவங்ககிட்ட சொல்லலாமே."

"சொன்னா விடுவாளா? நகர சபையில அந்த அறைக்கு அனுமதி இல்லைன்னு நீ ஒரு வார்த்த சொல்லிப்புடு. நீ படிச்ச புள்ள, உன் வார்த்தய நம்புவாங்க."

தனுஜா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து விட்டாள். அன்று மாலை வரைக்கும் அவளால் வேறு எதையும் வரைய முடியவில்லை. அவர் சொன்னது பொய்யான காரணம் என்றால் தள்ளிவிடலாம். அதில் உண்மையும் இருந்தது.

அவள் என்ன செய்வது என்று தீர்மானிப்பதற்குள் வேறொன்று நடந்தது. பிளானை நகர சபையில் காட்டியபோது, அங்கிருந்த தொழில்நுட்ப அதிகாரி பழைய வரைபடத்தை விரித்துச் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். அந்த ரோட்டை அகலமாக்கப் போகிறார்கள். காணியின் முன்பக்கத்தில் ஒரு துண்டை வெறுமையாக விட வேண்டும். அதில் ஒன்றும் கட்டக்கூடாது. வீட்டைப் பின்னால் தள்ளலாம் என்றால், மலையை வெட்டாமல் தள்ள இடமில்லை. தனுஜா அங்கேயே பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் மேல் படியில் ஓர் அறைதான் மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை காணியிலேயே சந்திக்கலாம் என்று அவர்களை அழைத்தாள். நூல் கட்டி, சுண்ணாம்புத் தூளால் சுவர்களைத் தரையில் வரைந்து காட்டினாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். "ரோட்டுக்கு எடம் விடணுமாம். ரெண்டு அறைக்கு எடம் இல்ல. ஒண்ணுதான் போடலாம்."

சோலைமலை அவளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததையும், தலையைக் கொஞ்சமாக அசைத்து நன்றி சொன்னதையும் தனுஜா கண்டாள். அவளுக்கு என்னவோ போல் இருந்தது. தான் பொய் சொல்லவில்லை என்று இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

"அதுக்கென்ன" என்றார் கிழவர். "நகர சபைக்காரங்க சொன்னா கேக்கத்தானே வேணும். ஓர் அறை உங்க ரெண்டு பேருக்கும் போதும். நான் கந்தப்பன்கிட்டப் போயிர்றேன். போன மாசமே கூப்பிட்டான்."

ஜீவராணி சுண்ணாம்புக் கோட்டுக்குள், அடுப்படி வரப்போகும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். "கந்தப்பன் எப்பக் கூப்பிட்டாங்க? உங்ககிட்ட போன் கூட இல்ல."

கிழவர் குடை நுனியால் மண்ணைக் கீறினார்.

ஜெயகாந்தன் தனுஜாவிடம் கேட்டார். "மிஸ், கூரை ஒரே சாய்வாத்தானே வருது? மேல் படிக்கும் கீழ் படிக்கும் சேர்த்து?"

"ஆமாங்க."

"அப்பிடின்னா கூடத்துக்கு மேல உயரம் கூட இருக்குமே. அந்த உயரத்துல பலகை அடிச்சா ஓர் அறை வராதா? அடுப்படியில இருந்து அஞ்சாறு படி ஏறினாப் போதும்தானே?"

தனுஜா மனசுக்குள் கணக்குப் போட்டாள். வரும். அறையின் ஓர் ஓரத்தில் மட்டும் தலை இடிக்கும். அடுப்புச் சூடு தானாக மேலே ஏறும் என்பதால் குளிராது. கொங்கிரீட் தட்டுப் போடுவதை விடச் செலவும் குறைவு. தனக்கு ஏன் இது முதலில் தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டே, "வரும்" என்றாள்.

"அப்ப நாங்க மேல ஏறிக்கிறோம். ஐயாவுக்கு அடுப்படிப் பக்கத்து அறை."

"வேணாம் தம்பி" என்றார் சோலைமலை. "வீட்டுக்காரன் பரண்ல படுக்கிறதாவது. நான் வரல."

"ஏங்க வரல?" என்றார் ஜெயகாந்தன்.

"வரலன்னா வரல."

"காரணம் சொல்லுங்க மாமா" என்றாள் ஜீவராணி. குரல் உயரவில்லை. ஆனால் அவள் கோபமாக இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

கிழவர் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் அழகுமுத்துவோட அப்பன் புள்ள. நான் அந்த வீட்டுல இருந்தா அவனும் இருப்பான். நீ ஒம்போது வருசம் செத்தவனோட இருந்தது போதும். இனியாச்சும் நீ நல்லா இரு. அதுக்குத்தான் சொல்றேன்."

காற்று சுண்ணாம்புத் தூளைக் கிளப்பியது. ஜீவராணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தூளா கண்ணீரா என்று தெரியவில்லை.

"அவரு செத்தன்னைக்கே நீங்க கந்தப்பன் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகல" என்றாள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி காய்ச்சிக் குடுத்தீங்க. கடையில ஆளுங்க ஒரு மாதிரி பேசினப்ப, நாள் பூரா கடை வாசல்ல உக்காந்திருந்தீங்க. அதெல்லாம் அவரோட அப்பான்னா செஞ்சீங்க? அவருக்காக நான் உங்கள வச்சிருக்கேன்னு நெனைக்கிறீங்களா?"

கிழவர் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கு மாமா. இந்த வயசுல புதுசா ஒருத்தரோட குடும்பம் நடத்தப் போறேன். இவங்க நல்லவங்கதான். ஆனாலும் பயம். வீட்டுல நீங்க இருமுற சத்தம் கேட்டா, நான் எங்கயும் போயிரல, அதே ஆளுதான்னு எனக்கு ஒரு தைரியம் வரும். நீங்களும் போயிட்டா நான் யாரு வீட்டுல இருக்கேன்னே எனக்குத் தெரியாது."

இதை அவள் ஜெயகாந்தன் முன்னாலேயே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவரைப் பார்த்தாள். தனுஜாவும் பார்த்தாள். அவர் முகம் வாடியிருக்கும் என்று எதிர்பார்த்தாள்.

"எனக்கும் பயம்தான்" என்றார் ஜெயகாந்தன். "தங்கச்சிங்களக் கட்டிக் குடுத்துட்டு இருபது வருசம் குவாட்டர்ஸ்ல தனியா ஆக்கித் தின்னவன் நான். யாரோடயாச்சும் பேசிக்கிட்டுச் சாப்பிடவே எனக்கு மறந்து போச்சு. இவங்க கடைக்குக் கால்சட்டை தைக்கக் குடுக்க வந்தப்ப, நீங்கதான் என்னைய உக்கார வச்சு ரெண்டு மணி நேரம் பேசினீங்க. திரும்பத் திரும்ப வந்தேன். உங்களப் பார்க்கவா இவங்களப் பார்க்கவான்னு மொதல்ல எனக்கே தெரியாது."

சோலைமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, இருமல் வந்தது. ஜீவராணி போய் அவர் முதுகைத் தடவினாள். அவர் அவள் கையைத் தட்டிவிடவில்லை.

"நாலு கால்சட்டை" என்றார் இருமலுக்கு நடுவே. "நாலும் ஒரே மாதிரி. அப்பவே எனக்குச் சந்தேகம்."

திரும்பி ரோட்டுக்கு இறங்கும்போது, மற்ற இருவரையும் முன்னால் போகவிட்டுத் தனுஜா கிழவரின் பக்கத்தில் நடந்தாள். "ஐயா, நான் பொய் சொல்லல. ரோடு நெசமாவே வருது. அதிகாரி சொன்னதுதான்."

அவர் நின்றார். "நெசமாவா?"

"நெசமாங்க."

"நான் என்னமோ நீ எனக்காகச் சொன்னேன்னு நெனச்சேன்" என்றார். "நல்லதாப் போச்சு. உன்னப் பொய் சொல்ல வச்ச பாவம் எனக்கு வேணாம்."

புதிய பிளான் வரைந்து முடிக்க அவளுக்குச் சில நாட்கள் பிடித்தன. அறை ஒன்று குறைந்ததால் வீடு கெட்டுப்போகவில்லை. அறைகள் ஒன்றோடொன்று நெருங்கி, குளிருக்கு ஒடுங்கி உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. சந்து மேல் படி மட்டத்துக்கு ஏறி வருகிற இடத்தில், சோலைமலையின் அறைக்கு நேராகச் சந்திலிருந்தே ஒரு கதவு வைத்தாள். முழங்காலை மடக்காமல் உள்ளே போய்விடலாம். பிளானைப் பார்க்க மூவரும் வந்தபோது கிழவர் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஜன்னல் உசரமா இருக்குமோ?" என்று கேட்டார்.

"சாதாரண உயரம்தாங்க."

"கட்டில்ல உக்காந்தா ரோட்டுல பஸ் போறது தெரியணும். கொஞ்சம் எறக்கிப் போட ஏலுமா?"

ஜீவராணியும் ஜெயகாந்தனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனுஜா அழிறப்பரை எடுத்து ஜன்னலை அழித்து, கட்டில் மட்டத்துக்கு இறக்கி வரைந்தாள்.

வைகாசியில் கல்யாணம் முடிந்தது. மழை விட்ட மாதங்களில் வீடு எழுந்தது. செல்லசாமி என்கிற மேசன் பாஸ் கட்டட வேலையை எடுத்தார். மண் கல்லில் சுவர் நிற்குமா என்று முதல் வாரம் முழுக்கச் சந்தேகப்பட்டு, ஒரு கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்து, அது கரையாததைக் கண்ட பிறகுதான் மனசு ஒப்பி வேலை செய்தார். சனி ஞாயிறுகளில் ஜெயகாந்தனே வயர் இழுத்தார். சோலைமலை ஒரு பலகைமேல் உட்கார்ந்து, அழுத்திய கற்களின் மேல் நனைந்த சாக்கைப் போட்டு, காயவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். எல்லாமே சரியாக வந்துவிடவில்லை. அடுப்பின் புகைக்குழாய் முதலில் புகையை வீட்டுக்குள்ளேயே விட்டது. அதைப் பிரித்து உயர்த்திக் கட்ட வேண்டியிருந்தது. மேல் அறைக்கான பலகைக்குச் சேர்த்து வைத்த காசு போதாமல், பழைய கட்டடம் ஒன்றை உடைத்த இடத்தில் பலகை வாங்கினார்கள். அதில் ஆணி அடித்த ஓட்டைகள் இன்னும் தெரிகின்றன.

பால் காய்ச்சிய அன்று தனுஜாவால் மத்தியானம்தான் போக முடிந்தது. ஆட்கள் வந்து போய்விட்டார்கள். வெளியே மழை பிடித்திருந்தது. ஜீவராணி தையல் மெஷின் வைக்கும் இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே ஜெயகாந்தன் தலையை இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

"காலையில இருந்து மூணாந்தடவை" என்றாள் ஜீவராணி. "சாய்வுப் பக்கம் போகாதீங்கன்னு சொன்னாக் கேக்குறதில்ல."

கூடத்தில் விளக்கு எரியவில்லை. மழை நேரத்திலும் கிழக்கு ஜன்னலிலிருந்து வெளிச்சம் அடுப்படி வழியாகக் கீழ்ப் படி வரைக்கும் இறங்கியது. தனுஜா ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்தாள். பேப்பரில் வரைந்ததற்குள் நின்று பார்ப்பது அவளுக்கு இன்னும் பழகியிருக்கவில்லை. ஜீவராணி தட்டில் சோறு போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா தூங்குனீங்களா?" என்று தனுஜா கேட்டாள். விடியற்காலையில் பால் காய்ச்ச வசதியாக முந்தின இரவே சாமானோடு வந்துவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"நான் தூங்கினேன். அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தாங்க. இவரு மேல இருந்து, மாமா கீழ இருந்து. நடுவுல சுவரு இல்லாத மாதிரி" என்று சொல்லிச் சிரித்தாள். யாரையும் திரும்பிப் பார்க்காமல் சிரித்தாள்.

புறப்படும்போது சோலைமலை தன் அறைக் கதவு வழியாகச் சந்துக்கு வந்தார். "வா, பஸ்ஸுக்கு ஏத்தி விடுறேன்."

"மழை பெய்யுதுங்க, நீங்க இருங்க."

"கொடை இருக்குல்ல."

இருவரும் ஒரே குடைக்குள் மெதுவாகச் சந்தில் இறங்கினார்கள். பாதி வழியில் அவர் சொன்னார். "அழகுமுத்து இருந்தா அந்த மேல் அறையப் பார்த்துச் சிரிச்சிருப்பான். அவன் இந்தத் தம்பிய விட உசரம். நிமிந்தே நிக்க ஏலாது." அவர் மகனைப் பற்றித் தானாகப் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. "நல்லா பாடுவான் புள்ள. தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க. சொல்லுங்க."

பஸ் வரும்வரை சொன்னார். தோட்டத்துக் கோவில் திருவிழாவில் அவன் பாடியதையும், மைக் நின்றுபோனபோது மைக் இல்லாமலே பாடி முடித்ததையும் சொன்னார். பஸ் வந்தது. தனுஜா ஏறி ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தாள். கிழவர் சந்தில் ஏறிக்கொண்டிருந்தார். மழை வலுத்தது. மேலே கதவு திறந்து, ஜெயகாந்தன் தலைமேல் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். பாதி வழியில் கிழவரைப் பிடித்து, குடையை வாங்கி அவருக்கே பிடித்தபடி நடத்திக்கொண்டு போனார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டே ஏறினார்கள். பஸ் வளைவில் திரும்பும்வரை பேச்சு முடியவில்லை.